ஆட்டுக்குப் பல் கட்டியவள்

ஊரில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அப்படித்தான். பல் மருத்துவர் ஒருவரின் பின்னறையில் முப்பத்து நான்கு வருடம் பல் செட் கட்டியவள். முன்னறையில் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வார். ஈறில் அழுத்தி எடுத்த அச்சு பின்னறைக்கு வரும். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி அந்த வாயை அப்படியே வார்த்தெடுத்து, மேலே மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நடுவாள்.

பல் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பழைய புகைப்படம் கேட்பாள். சிரித்த படமாக இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தால் புதுச் செட்டிலும் அதே இடத்தில் ஒன்று துருத்தும். சந்து இருந்தால் சந்து. "எல்லாத்தையும் வரிசையா நட்டா குளியலறைச் சுவர் மாதிரி இருக்கும். பொய்ப்பல்லா இருந்தாலும் அது பொய் சொல்லக் கூடாது" என்பாள்.

மருத்துவருக்கு வயதாகி, கடையை மூடினார். அலமாரி நிறைய இருந்த பிளாஸ்டர் வாய்களைக் குப்பையில் கொட்டச் சொன்னார். பல்லக்காவுக்கு மனம் வரவில்லை. ஆறு அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மிச்சமிருந்த பற்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"ஏன்டி, கட்டிலுக்குக் கீழே ஊரே பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு. மேலே நான் எப்படித் தூங்குறது?" என்றார் கணவர்.

அவர் சாலையில் வெள்ளைக்கோடு போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் போட்ட கோட்டை இந்த ஊரே தாண்டாது. என் பொண்டாட்டி மட்டும் தினமும் தாண்டுவா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அறுபத்தாறு வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் அவருக்குச் சொந்தப் பல். அதில் ஒரு கர்வம். "உன் கடைக்கு நான் மட்டும் வரவே மாட்டேன்" என்று மனைவியைச் சீண்டுவார். அவளும் விடமாட்டாள். "வராம எங்க போயிடுவீங்க? பார்க்கலாம்" என்பாள்.

அவர் வராமலே போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், "நாலெழுத்துல ஒரு பறவை சொல்லு" என்று குரல் கொடுத்தார்.

"மைனா" என்றாள் அவள் சமையலறையிலிருந்து.

"அது ரெண்டு."

"மரங்கொத்தி."

"அது ஆறுடி. எண்ணத் தெரியாதா உனக்கு?"

பல்லக்கா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "பருந்து!" என்று ஈரக்கையோடு வெளியே வந்தபோது, கேட்டவர் இல்லை. கண்ணாடி மூக்கில், பென்சில் கையில், நாலு கட்டம் காலி.

துக்கம் கேட்க வீடு கொள்ளாத கூட்டம் வந்தது. அவள் அழவில்லை, பேசவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கணவரோடு வேலை பார்த்த ஒருவர், என்ன செய்வதென்று தெரியாமல், கிடந்த செய்தித்தாளை எடுத்துப் புரட்டினார். பழக்கதோஷம். பையிலிருந்து பேனாவை எடுத்து, காலியாக இருந்த நாலு கட்டத்திலும் 'வவ்வால்' என்று எழுதிவிட்டார். பல்லக்கா அதை எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி, இரண்டு நாளாக வாயே திறக்காதவள், கட்டடமே அதிரும்படி கத்தினாள்:

"வவ்வால் பறவையே இல்லைய்யா!"

 "பாவம், புத்தி பேதலிச்சிடுச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பேனாக்காரர் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அதன்பிறகு எட்டு மாதம். காலையில் வீட்டைப் பெருக்குவாள். மத்தியானம் பெருக்கிய வீட்டையே பெருக்குவாள். பார்க்காத தொலைக்காட்சி அது பாட்டுக்கு ஓடும். மகள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். ஒருநாள் வந்து பார்த்தாள். அம்மா மூன்றாவது தடவையாக அதே மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மகள் விசிலை ஊதியேவிட்டாள்.

"போதும்மா! துடைப்பத்தைக் கீழே வை. புதன்கிழமை நூலகத்து மாடிக்குப் போற. பேர் குடுத்துட்டேன்."

"என்னது அது?"

"பட்டறை. துணையை இழந்தவங்களுக்கு."

பல்லக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பட்டறை என்றால் அவளுக்குத் தெரியும். பட்டறையில்தான் அவள் ஆயுசு போனது. புதன்கிழமை பெட்டியிலிருந்து பழைய வேலைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கண்ணுக்குத் தூசிக் கண்ணாடி. பையில் அரம், மெழுகுக் கத்தி. நூலகத்து மாடிப்படி ஏறிக் கதவைத் திறந்தால், வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் பதினோரு பேர் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். சாணைக்கல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

பயிற்சியாளர் சின்னப் பெண். கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாளுவதுபோல ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக வைப்பாள். "வாங்கம்மா. உட்காருங்க. இன்னிக்கு நாம வண்ணத்துல வேலை செய்றோம். உங்க துக்கத்துக்கு என்ன நிறம்னு யோசிச்சுப் பாருங்க."

பல்லக்கா யோசித்தாள். "எங்ககிட்ட பதினாறு நிறம் உண்டு கண்ணு. எல்லாமே வெள்ளைதான். கொஞ்சம் மஞ்சள் கலந்தது, கொஞ்சம் சாம்பல் கலந்தது. புகைபிடிக்கிறவங்களுக்குத் தனி."

பயிற்சியாளர் அதை ஆழ்ந்த கருத்தென்று நினைத்துக் கண் கலங்கினாள்.

பல்லக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் லாரிக்காரர். நாற்பது வருடம் லாரி ஓட்டியவர், மனைவி போய் மூன்று வருடம். களிமண்ணில் அவர் எதைச் செய்தாலும் சாம்பல் கிண்ணமாகத்தான் வரும். பூஜாடி செய்யச் சொன்னால் சாம்பல் கிண்ணம். படகு செய்யச் சொன்னால் நீளமான சாம்பல் கிண்ணம்.

"அண்ணன் நிறைய பிடிப்பீங்களோ?" என்று கேட்டாள் பல்லக்கா.

"வாழ்நாள்ல ஒரு பீடி தொட்டதில்லை. என்ன பிசைஞ்சாலும் அதுவா வந்து நிக்குது. நான் என்ன பண்ண?"

மூன்றாவது வாரம் காகிதக் கூழ். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, பசை கலந்து, கம்பிக்கூட்டின்மேல் அப்பவேண்டும். "உங்க மனசுக்குப் பிடிச்ச பிராணி ஒண்ணு செய்யுங்க" என்றாள் பயிற்சியாளர். பல்லக்காவுக்கு எந்தப் பிராணியையும் குறிப்பாகப் பிடிக்காது. கம்பி வளைந்த வாக்கில் அது ஆடானது. வாய் கொஞ்சம் பிளந்திருந்தது. காய வைக்க வீட்டுக்கு எடுத்துப்போனாள். மேசைமேல் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். ஆடு வாயைத் திறந்து அவளையே பார்த்தது.

முப்பத்து நான்கு வருடம் தன் முன்னால் திறந்த எந்த வாயையும் அவள் சும்மா விட்டதில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் ஒரு பெட்டியை இழுத்தாள். கைக்கு வந்த பிளாஸ்டர் வாய் ஒன்றை எடுத்தாள். அதில் எந்தப் பல் எங்கே சாய்ந்தது என்று விரலுக்கு ஞாபகம் இருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். மெழுகு உருக்கினாள். கடைசிப் பல்லை நட்டுவிட்டு நிமிர்ந்தபோது மறுநாள் சாயங்காலம் ஆகியிருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக வீடு பெருக்கப்படாமல் கிடந்தது.

புதன்கிழமை துணியை விலக்கி ஆட்டை மேசையில் வைத்தாள். பயிற்சியாளர் வீலென்று கத்தினாள். அவளுடைய மென்குரல் அன்றோடு போனதுதான், திரும்ப வரவே இல்லை.

"என்னம்மா இது! ஆட்டுக்கு எதுக்கு மனுஷப் பல்லு?"

"ஆட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே கிடையாது கண்ணு. நூலகத்துல படம் பார்த்துட்டுத்தான் சொல்றேன். கீழே எட்டு இருக்கு, மேலே வெறும் ஈறு. பிறந்ததிலேருந்து பொக்கை. பார்க்கப் பாவமா இருந்துச்சு. ஒரு செட் கட்டிவிட்டேன்."

அழகான செட். இரண்டாவது பல் லேசாக உள்ளே தள்ளி, பக்கத்துப் பல் அதன்மேல் சாய்ந்து, தோழியின் காதில் ரகசியம் சொல்வதுபோல. ஆடு சிரித்தது. எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். லாரிக்காரர் மட்டும் முன்னால் வந்தார். குனிந்தார். கையிலிருந்த சாம்பல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது என் வீட்டுக்காரி சிரிப்பு."

 பல்லக்கா தூசிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "பச்சைப் புடவையில வருவாங்களே, வாயைத் திறந்தா மூட மாட்டாங்களே, அவங்களா?"

"அவளேதான்! இருபது வருஷம் என்னைத் திட்டின பல்லு இது. எனக்குத் தெரியாதா?" அவர் ஆட்டுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வகுப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. முதலில் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு குரல் ஏறியது. "அன்னிக்கு நான் வண்டியை அங்க நிறுத்தினது தப்புத்தான். அதுக்காக உன் அக்கா முன்னாடியா கேட்பே?" கொஞ்ச நேரம் ஆட்டைக் கவனித்தார். "சரி, விடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். மூன்று வருடத்துச் சண்டை அன்றைக்குத்தான் தீர்ந்தது. அன்று அவர் பிசைந்தது, சாம்பல் கிண்ணமாக வராமல், ஒரு கரண்டியாக வந்தது. வகுப்பே கைதட்டியது.

அதற்குப் பிறகு பல்லக்காவை யாராலும் பிடிக்க முடியவில்லை. பன்றி, நரி, வாத்து, கழுதை, ஒரு ஆமை. பெட்டியில் கைவிட்டு எந்த வாய் வருகிறதோ அதுதான் அடுத்த பிராணிக்கு. வாத்துக்கு முன்பல் நடுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வாள். குளியல் தொட்டியில் காகிதம் ஊறியதால் வாளியில் குளித்தாள். சோற்றை அடுப்பில் வைத்து மறந்தாள். ஒருநாள் நரிக்குக் கோரைப்பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், வீட்டுக்குள் யாரோ பாடுவதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். பாடியது அவள்தான். திருடியைப்போல இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் மெழுகு கருகியது.

உடனே மகளுக்குப் போன் போட்டாள். "நான் பாடிட்டேன்டி."

"என்னம்மா?"

"அவர் போயி இன்னும் வருஷம்கூடத் திரும்பலை. நான் பாட்டுக்குப் பாடுறேன். தப்பில்லையா?"

மகள் திருப்பிக் கேட்டாள். "அப்பா இருந்தப்ப நீ பாடினா அவர் என்ன பண்ணுவார்?"

"கதவைச் சாத்துவார்."

"அப்போ ஒரு கதவைச் சாத்திட்டுப் பாடும்மா."

அவள் எழுந்து போய், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடினாள்.

ஊர்வாய் எல்லாம் வீட்டில் இருந்தது. அவர் வாய் மட்டும் இல்லை. அதுதான் அவளை அரித்தது. அவருக்குச் சொந்தப் பல் என்பதால் அச்சு எடுக்கவே இல்லை. புகைப்படங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். முதுகு மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தது. நாலாயிரம் பேர் வாயை நினைவு வைத்திருந்தவளுக்கு, முப்பத்தெட்டு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவரின் கோரைப்பல் இடம் சாய்ந்ததா வலம் சாய்ந்ததா என்று ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் கண்ணாடி நினைவுக்கு வந்தது. யோசிக்கும்போதெல்லாம் அவர் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடிப்பார். கடித்த தடம் இருக்குமே! அந்தக் கண்ணாடி கொழுந்தனிடம் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர், "அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்" என்று எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார், எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து கழற்றவே இல்லை. பல்லக்கா அவரை வீட்டுக்கு வரவழைத்தாள்.

"ஒரு மணி நேரம் குடுங்க, அச்சு எடுத்துட்டுத் தந்துடுறேன்" என்றாள்.

"அண்ணி, இதைக் கழட்டினா எனக்கு நீங்களே ரெண்டாத் தெரிவீங்க" என்றார் கொழுந்தன். ஆனாலும் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்கும் பன்றிக்கும் வாத்துக்கும் நடுவில் அவருக்கு ஒன்றும் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

பல்லக்கா கம்பியில் இருந்த தடங்களில் மெழுகை அழுத்தி எடுத்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.   முப்பத்து நான்கு வருடத் தொழில் பொய் சொல்லவிடாது.

"இது ஒருத்தர் கடிச்ச தடம் இல்லையே. மேல மேல கடிச்சிருக்கு. நாய் குதறின மாதிரி இருக்கு."

கொழுந்தன் நெளிந்தார். "அது வந்து... எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு அண்ணி. அண்ணன்கிட்டேயிருந்து வந்தது. பத்து மாசமா நானும் கடிக்கிறேன்."

பல்லக்கா மெழுகையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வரும் என்றுதான் நினைத்தாள். வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கினால் இன்னும் வந்தது. சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு, எப்போது அழ ஆரம்பித்தோம் என்றே தெரியவில்லை. பத்து மாதமாக வராத அழுகை. கொழுந்தன் தேறுதல் சொல்ல எழுந்து வந்து, கண் தெரியாமல், பக்கத்திலிருந்த பன்றியின் தலையை வெகுநேரம் தடவிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் அவள் ஒரு ஒட்டகம் செய்தாள். அரை ஆள் உயரம், குனிந்த முதுகு. வாயை இறுக மூடியிருந்தது.

"இதுக்குப் பல் வைக்கலையாம்மா?" என்று கேட்டாள் பயிற்சியாளர்.

"இருக்கு கண்ணு. முப்பத்திரண்டும் உள்ளே இருக்கு. காட்டமாட்டார்."

பட்டறை முடிவில், செய்ததையெல்லாம் நூலகக் கூடத்தில் கண்காட்சியாக வைப்பது வழக்கம். போன வருடம் வந்தவர்கள் ஒன்பது பேர். இந்த வருடம் 'செத்தவங்க சிரிப்பைப் பார்க்கலாமாம்' என்று ஊருக்குள் பேச்சுப் பரவி, வரிசை தெருமுனை வரை நின்றது. வந்தவர்கள் ஒவ்வொரு பிராணியின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். ஆமைக்கு முன்னால் ஒரு குடும்பமே நின்று, "பெரியப்பா எப்படி இளைச்சுட்டார்!" என்று அங்கலாய்த்தது. தையற்கடைக்காரர் நரியின் முன் நின்று, தன் அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று சிரித்துக் காட்டினார். யாரோ வாத்துக்கு ஒரு அழுத்தமான முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திறந்துவைக்க வந்தவர் கவுன்சிலர். வாய் ஓயாத சிரிப்புக்காரர். அவர் சுவரொட்டி ஒட்டாத சுவர் கிடையாது, அதில் பல் தெரியாத சுவரொட்டி கிடையாது. புகைப்படக்காரர் அவரைக் கூட்டத்தின் நடுவில் இருந்த கழுதைக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றார்.

கவுன்சிலர் சிரித்தார். கழுதை ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தது.

இரண்டும் ஒரே சிரிப்பு. இடதுபக்கம் அதே சந்து, அதே தங்க நிறப் பொட்டு.  பல்லக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெட்டியிலிருந்த வாய்களில் உயிரோடிருக்கிறவர்களின் வாயும் இருக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. கவுன்சிலருக்குப் பொய்ப்பல் என்பது அவர் மனைவிக்கே தெரியாத ரகசியம். மனைவி முதல் வரிசையில்தான் நின்றாள். கழுதையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மறுபடி கழுதையைப் பார்த்தாள்.

கவுன்சிலர் படக்கென்று வாயை மூடினார். மைக் முன்னால் போனவர் உதட்டைப் பிரிக்காமலே பேசத் தொடங்கினார். "ம்ம்ம்... ம்ம்... ம்ம்ம்ம்." பத்து நிமிடம் பேசினார். அவர் இதுவரை பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான் என்று ஊரில் ஒருமனதாகச் சொல்கிறார்கள்.

கூட்டம் கலைந்தபின் அவர் பல்லக்காவை ஒரு புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒதுக்கிக் கூட்டிப்போனார். திட்டு விழப்போகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா," என்றார் ரகசியமாக, "கழுதைக்குச் சரியாப் பொருந்தியிருக்கு. எனக்கு மட்டும் கீழ் இடதுபக்கம் இடிக்குதே?"

பல்லக்கா கைப்பையைத் திறந்து அரத்தை எடுத்தாள். "கழட்டிக் குடுங்க. ரெண்டே நிமிஷம்."

ஆடு லாரிக்காரர் வீட்டுக்குப் போனது. முன் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிப்போனார். ஆமையை அந்தக் குடும்பம் மாதத்துக்கு ஒரு வீடாக வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. கழுதையைக் கவுன்சிலரின் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒட்டகம் யாருக்கும் இல்லை. அது பல்லக்கா வீட்டு ஜன்னலோரம், தெருவைப் பார்த்துக் குனிந்திருக்கிறது.

இப்போது நூலகத்து மாடியில் நடனப் பட்டறை தொடங்கியிருக்கிறது. மகளிடம் சொல்லாமல் அவளே போய்ப் பேர் கொடுத்தாள். தாளம் என்ற ஒன்று அவள் காலுக்கு இதுவரை அறிமுகமில்லை. பன்னிரண்டு பேர் இடதுபக்கம் திரும்பினால் அவள் வலதுபக்கம் திரும்புவாள். எதிரில் வருகிறவரோடு நெற்றி முட்டிக்கொள்வாள். போன புதன்கிழமை லாரிக்காரரின் கால் கட்டைவிரல் நசுங்கியது. "பின்னால பார்க்காம வண்டியை எடுக்கிறியேம்மா!" என்று அவர் ஒற்றைக்காலில் குதித்தார். அதைப் புது அடவு என்று நினைத்து எல்லோரும் குதித்தார்கள். நடுவில் பல்லக்கா, வியர்த்து வழிய, வாய்விட்டுச் சிரித்தபடி, தவறாமல் எல்லோருக்கும் அரைத்தாளம் பிந்திக் குதித்துக்கொண்டிருந்தாள்.